மைனஸ் பத்து என்று போட்டிருந்தால் போதுமா?

கேள்வி: ஜனவரியில் நானும் என் மனைவியும் கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர்ப் பக்கம், இரண்டு இரவு டென்ட் போட்டுத் தங்கப் போகிறோம். டென்ட் வாங்கியாச்சு. ஸ்லீப்பிங் பேக்தான் குழப்பம். ஒன்றில் ‘-10 டிகிரி’ என்று போட்டு மலிவாக இருக்கிறது, ‘0 டிகிரி’ என்று போட்டது மூன்று மடங்கு விலை. -10 தானே நல்லது? அவளுக்குக் குளிரே ஆகாது. இருவரும் சேர்ந்து படுக்கிற டபுள் பை வாங்கலாமா? அடுத்த வருஷம் இமயமலையில் கேதார்கண்டா ட்ரெக் போகிற ஆசையும் உண்டு, அதற்கும் சேர்த்து ஒரேயடியாக வாங்கிவிடலாமா? - வாசகர், பள்ளத்தூர்

பதில்: அண்ணே, அந்த மலிவான -10ஐ நம்பி அண்ணியைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

முறையாகச் சோதித்த பையில் ஐஎஸ்ஓ 23537 (பழைய சரக்கென்றால் ஈஎன் 13537) என்று போட்டு மூன்று எண் இருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண் ஒருவர் கைகால் தளர்த்தி நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். லிமிட், சராசரி ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கிற குளிர். எக்ஸ்ட்ரீம் என்பது தூக்கக் கணக்கே இல்லை, ஆறு மணி நேரம் உயிரோடு தாக்குப்பிடிப்பதற்கான எண், அதிலும் உடம்பு விறைத்துப்போகிற ஆபத்து உண்டு. மலிவுப் பைக்காரர்கள் பெரிசாக அச்சடிப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி எண்ணைத்தான், அப்படிப்பட்ட ‘-10’ பையின் கம்ஃபர்ட் பார்த்தால் 7, 8 டிகிரியில் நிற்கும். எந்த எண் என்றே சொல்லாத பை என்றால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். அந்த 0 கம்ஃபர்ட் எண்தானா என்று கேளுங்கள், ஆம் என்றால் அதை எடுங்கள். ஜனவரியில் மேல்மலைப் புல்வெளியில் உறைபனி பிடிப்பது வழக்கம், அதனால் 0 அதிகம் இல்லை.

ஆனால் பைக்கு முன்னால் கீழே விரிக்கிற மேட்டை (பைக்கு அடியில் போடும் விரிப்பை) பாருங்கள், எல்லாரும் கோட்டை விடுவது அங்கேதான். சித்திரை வெயிலில் வளவில் ஆத்தங்குடிக் கல் மேல் வெறும் பெட்ஷீட் விரித்துப் படுத்தால் ஏன் சுகமாக இருக்கிறது? தரை நம் உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்கிறது. மன்னவனூர்த் தரையும் ராத்திரி முழுக்க அதே வேலையைத்தான் பார்க்கும். பைக்குள் இருக்கிற பஞ்சு, நடுவில் காற்றைப் பிடித்து வைத்துத்தான் சூட்டைக் காக்கிறது, முதுகுக்குக் கீழே அது நசுங்கிவிடுவதால் அங்கே பை இருந்தும் இல்லாத மாதிரிதான். பையைச் சோதிக்கும்போதே மேட் விரித்துத்தான் சோதிக்கிறார்கள். மேட்டில் ஆர்-வேல்யூ என்று, தரைக்குளிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டுகிற ஒரு எண் இருக்கும், உறைபனிக்கு 3, 4 வேண்டும். சாதா ஃபோம் மேட் 2 அளவில்தான் வரும், ஆனால் ஒன்றன்மேல் ஒன்று விரித்தால் எண்ணும் கூடும். உள்ளே வெறும் காற்று மட்டும் உள்ள ஊதுமெத்தை வேண்டாம், அது குளிரைத் தடுக்காது. காசு இடித்தால் பையில் குறையுங்கள், மேட்டில் குறைக்காதீர்கள்.

டபுள் பை வேண்டாம். ஒருவர் புரண்டால் இன்னொருவர் தோள் பக்கம் குளிர்காற்று புகும், உங்களுக்குப் போதுமான சூடு அண்ணிக்குப் போதாது. தலையை மூடும் ஹூட், கழுத்தைச் சுற்றிப் பட்டை, ஜிப்புக்கு உள்ளே மறைப்பு, இந்த மூன்றும் உள்ள, கால் பக்கம் குறுகும் மம்மி வடிவப் பை ஆளுக்கொன்று. அவருடையது கம்ஃபர்ட் 0, உங்களுடையது 5 ஆனாலும் பரவாயில்லை.

உள்ளே டவுனா சிந்தெடிக்கா? டவுன் என்பது வாத்தின் மென்தூவி, எடை குறைவு, நல்ல சூடு, நனைந்தால் சுருண்டு உபயோகமற்றுப் போகும். கொடைக்கானல் மூட்டத்துக்கு சிந்தெடிக்தான் தோது. ஊர் திரும்பியதும் நன்றாகக் காயவைத்துத் தளர்த்தியே வையுங்கள். உறையில் திணித்தபடி பெட்டகத்திலோ பரணிலோ மாதக்கணக்கில் கிடந்தால் பஞ்சு மறுபடி எழும்பாது. கேதார்கண்டாவை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். 12,500 அடியில் பனிக்காலத்து இரவு வேறு ரகம், அதற்கான கனமான பையை ட்ரெக் நடத்துபவர்களே பெரும்பாலும் தருவார்கள்.

டென்ட்டைப் பள்ளத்தில் போடாதீர்கள், குளிர்காற்று கனமானது, இறங்கி அங்கேதான் தேங்கும். காட்டு நிலம் என்றால் வனத்துறை அனுமதி கட்டாயம், கொடைக்கானல் இ-பாஸையும் மறக்க வேண்டாம். அப்புறம், எவ்வளவு குளிர்ந்தாலும் கரி அடுப்பையோ ஸ்டவ்வையோ டென்ட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அடுப்பு இல்லாவிட்டாலும் டென்ட்டின் காற்றுத் துவாரத்தைத் திறந்தே வையுங்கள், மூடினால் மூச்சு ஈரம் பையிலேயே இறங்கும்.

வாங்கிய கையோடு, திருப்பிக் கொடுக்கிற கெடு முடிவதற்குள், ஏசியை 18இல் வைத்து வீட்டிலேயே ஒரு ராத்திரி இருவரும் அதற்குள் படுத்துப் பாருங்கள். குளிருக்கு அது பரீட்சை இல்லைதான், ஆனால் ஜிப் மாட்டுகிறதா, தோள் இடிக்கிறதா, இருட்டில் எழுந்து வெளியே வரமுடிகிறதா என்பதெல்லாம் பள்ளத்தூரிலேயே தெரிந்துவிடும்.