ஒழுகும் சுவர்

அன்புள்ள ஐயா,

நாங்கள் கல்லூரி நண்பர்கள். சென்னை கண்ணகி நகர் சுவரோவியங்களைப் பார்த்த உற்சாகத்தில், வேறொரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில் இரண்டு பிளாக்குகளின் வெளிச்சுவர்களில் அங்குள்ள பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு படம் வரைந்தோம். பெண்கல்வி, போதை ஒழிப்பு என்று இரண்டு கருப்பொருள்கள். பிள்ளைகள் ஓடிவந்தார்கள். பெரியவர்கள்தான் ஒதுங்கி நின்றார்கள். ஓர் அம்மா மட்டும் வந்து, "இந்தச் சுவரு உள்பக்கம் ஒழுகுது, அத மொதல்ல பாருங்க" என்றார். இவர்களுக்குக் கலையின் அருமையை எப்படிப் புரியவைப்பது? சமூக மாற்றத்துக்கு ஓவியம் சிறந்ததா, வீதி நாடகமா? நிதி கொடுத்தவர்கள் தாக்கத்தை அளந்து அறிக்கை கேட்கிறார்கள். எப்படி அளப்பது?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

ஞாயிற்றுக்கிழமைகளில் சாரத்தின் மேல் ஏறி நின்று, வெயிலில் முதுகு காய ஊரான் வீட்டுச் சுவருக்கு வண்ணம் அடிக்கிற பிள்ளைகள்மேல் எனக்குப் பிரியம் உண்டு. அந்த உரிமையில் கொஞ்சம் திட்டுகிறேன்.

ஓவியமா நாடகமா என்பதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. உங்களுக்கு எது கைவருகிறதோ அதைச் செய்யுங்கள். அறிக்கையை அறிக்கை எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும்.

உங்கள் கடிதத்தில் உருப்படியான வரி ஒன்றுதான், அது அந்த அம்மா சொன்னது. அதைப் போய்க் கலை தெரியாதவரின் பேச்சாக எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகள் நீங்கள் போட்டுக்கொடுத்த கோட்டுக்குள் நிறம் நிரப்பினார்கள், அவ்வளவுதான். அந்தச் சுவரைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை உங்களிடம் வந்து சொன்னவர் அவர் ஒருவர்தான். அங்கே போதை ஒழிப்பை வரைய வேண்டும் என்று யார் முடிவு செய்தது? ஏழைகள் இருக்கும் இடம் என்றதும் அது தானாக மனதில் வந்துவிட்டது, இல்லையா? நாளைக்கு யாராவது உங்கள் அபார்ட்மெண்ட் சுவரில் வந்து 'குடிக்காதே' என்று எழுதினால் அசோசியேஷன் சும்மா விடுமா?

கொஞ்ச நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் கலைப்பயணங்களில் நானும் ஊர் ஊராகப் போனவன். டோலக்கைத் தூக்கிவருவது என் வேலை, ஆள் குறைந்தால் கூட்டத்தில் ஒருவனாக நிற்பேன். எந்த ஊரிலும் கைதட்டல் குடிகாரனுக்குத்தான். எங்கள் நண்பர் லுங்கியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இல்லாத படியில் காலை வைத்துத் தடுமாறி வருவார். மனைவியாக நடித்தவர் அழ ஆரம்பித்த பிறகும் முன்வரிசைப் பையன்கள் அந்த நடையைப் பழகிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து, "அழுவாதடி, அவன் மடியில இருக்குற காச மொதல்ல புடுங்கு" என்று கத்தினார். அதற்கு எங்களிடம் வசனம் இல்லை. டோலக்கைத் தட்டி அடுத்த காட்சிக்குப் போய்விட்டோம்.

ஏறக்குறைய அதே சமயம், 1992இல், நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்புப் பெண்கள் தங்கள் பாடத்தில் வந்த ஒரு சாராயக் கதையைப் படித்துப் பேசிவிட்டு, நேரே சாராய வியாபாரத்தை நிறுத்தக் கிளம்பிவிட்டார்கள். அது மாவட்டம் முழுக்கப் பரவி, 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தையே தடைசெய்ய வேண்டிவந்தது. 1995இல் வந்த முழு மதுவிலக்கை 1997இல் தளர்த்திவிட்டார்கள் என்பது தனிக் கதை.

பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால் சொன்ன ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். அறுபதுகளின் தொடக்கம். சாவோ பாலோ நகரத்து நடிகர்கள் வடகிழக்கு பிரேசிலின் விவசாயிகளிடம் போய், கையில் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்து, நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று பாடுகிறார்கள். நாடகம் முடிந்ததும் விர்ஜீலியோ என்ற விவசாயி கண்ணீரோடு வருகிறார். நீங்களும் எங்களைப் போலவே நினைக்கிறீர்கள், வாருங்கள், முதலில் சாப்பிடுவோம், அப்புறம் உங்கள் துப்பாக்கிகளோடு போய் நிலத்தைப் பிடுங்கியவனின் அடியாட்களை விரட்டுவோம் என்கிறார். நடிகர்களுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. இது அட்டைத் துப்பாக்கி, சுடாது என்கிறார்கள். பரவாயில்லை, எங்களிடம் நிஜத் துப்பாக்கி இருக்கிறது, ஆள் வந்தால் போதும் என்கிறார் அவர். நாங்கள் கலைஞர்கள், விவசாயிகள் இல்லை என்று இழுக்கிறார்கள். அப்படியானால் சிந்த வேண்டிய ரத்தம் எங்களுடையது, உங்களுடையது இல்லை, அப்படித்தானே என்று கேட்டாராம் விர்ஜீலியோ.

நண்பரே, மக்களை வைத்துக் கலை செய்யக் கிளம்புகிற ஒவ்வொருவரையும் நான் இந்த விர்ஜீலியோ முன்னால் நிறுத்தத்தான் பார்க்கிறேன். வெளியே ஆள்கள் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கும் சுவரின் உள்பக்கம் பாசி பிடிக்கிறது. அந்தப் படத்தில் ஏதோ ஒன்று அதிகாரிகளுக்குப் பிடிக்காமல் போனால் விசாரிக்கப்படுவது அந்த வீட்டுக்காரர். நீங்கள் அதற்குள் அடுத்த பிராஜெக்ட்டில் இருப்பீர்கள். உங்களிடம் கெட்ட எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த நடிகர்களிடமும் இல்லை.

போவால் அதற்குப் பிறகு மாறினார். 1971இல் ராணுவ ஆட்சி அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்து நாட்டைவிட்டு விரட்டியது. ஒடுக்கப்பட்டோர் அரங்கு என்று நாம் இன்று சொல்வது அந்த வருடங்களில் உருவானது: பார்க்க வந்தவர் 'நிறுத்து' என்று சொல்லி மேடையேறி, கதையைத் தானே நடத்திக்காட்டலாம். நாங்கள் டோலக் தட்டி அடக்கிய அந்தக் குரலுக்கு அங்கே இடம் இருந்தது. பிறகு ரியோ நகர மன்ற உறுப்பினராக 1993 முதல் 1996 வரை இருந்தபோது, மக்கள் போட்ட நாடகங்களிலிருந்தே 13 சட்டங்களைக் கொண்டுவந்தார். அதில் ஒன்று பார்வையற்றவர்கள் சொன்னது. அப்போது அங்கே பொதுத் தொலைபேசிகள் ஒற்றைக் கம்பத்தின் மேல் பெரிய கவிழ்ந்த ஓடுபோல நின்றன. கைத்தடி கீழே எதிலும் தட்டாது, வெற்றிடம் என்று நினைத்து நடந்தால் நெற்றி ஓட்டில் மோதும். கீழே ஒரு மேடை கட்டிவிட்டால் தடி தட்டும். எவ்வளவு சின்ன விஷயம்! சமத்துவம் பற்றி ஆயிரம் சதுர அடிக்கு வரைகிற ஓவியனுக்கு அது தோன்றியிருக்குமா? நெற்றியில் அடிபட்டவருக்குத்தானே தோன்றும்.

சரி, இனி பிரஷ்ஷை வைத்துவிட்டு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போங்கள். சுவர் எந்தப் பக்கம் ஒழுகுகிறது, மேல்வீட்டுக் குழாயா மழைநீரா, யாரிடம் சொன்னார், என்ன பதில் வந்தது என்று கேளுங்கள். புகார் கொடுக்கப்போன கதையைப் பிளாக்கின் வாசலிலேயே அவர்கள் நடிக்கட்டும். நீங்கள் அதிகாரியாக உட்காருங்கள், 'அடுத்த வாரம் வாங்க' என்று சொல்லிப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்துவந்து உங்களை மடக்குவார்கள். கூட்டத்தில் ஒருவருக்குச் சட்டம் தெரிந்திருக்கும், இன்னொருவருக்கு அதே ஆபீஸில் வேலை பார்க்கும் மருமகன் இருப்பான். எந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லாமல் போகிறதோ அதை ஒரு தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, நிஜ அலுவலகத்துக்கு எடுத்துப்போங்கள். உள்ளே பேசுவது அவர்களாக இருக்கட்டும், ஆனால் நீங்களும் வரிசையில் நில்லுங்கள். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். நிதி தருபவர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்