கேள்விப் பெட்டி: கிளிக்கர் வந்தாச்சு, கேள்வி எங்கே?

(பதில் சொல்பவர்: மண்டபம் ஊரில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்)

கேள்வி: எங்கள் கல்லூரியில் 60 கிளிக்கர்கள் உள்ள பெட்டி ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். மாணவருக்கு ஆளுக்கொரு கையடக்கக் கருவி, அதில் ஏ, பி, சி, டி என்று பொத்தான்கள். இப்போதைக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கத்தான் உதவுகிறது. பாடம் நடத்த இதை எப்படிப் பயன்படுத்தலாம்?
– விரிவுரையாளர், ராமநாதபுரம்

பதில்: அட்டெண்டன்ஸுக்கு உங்கள் கண்ணே போதும், அதற்கு ஏன் இத்தனை செலவு?

கிளிக்கர் செய்வது எண்ணுகிற வேலை மட்டும்தான். மாணவர் பொத்தானை அழுத்தினால், உங்கள் கணினியில் செருகிய ரிசீவருக்கு ரேடியோ அலை வழியாகப் பதில் வந்து சேரும். எத்தனை பேர் ஏ, எத்தனை பேர் பி என்று திரையில் பட்டை பட்டையாகத் தெரியும். பழைய கிளிக்கர்கள் அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்தன. முன் பெஞ்சுக்காரன் தலை மறைத்தால் பதில் போகாது. இப்போது அந்தத் தொல்லை இல்லை. மற்றபடி எல்லாம் நீங்கள் கேட்கும் கேள்வியில்தான் இருக்கிறது. “மிதத்தல் விதியைச் சொன்னவர் யார்?” என்று கேட்டால் 60 பேரும் சரியாக அழுத்துவார்கள். உங்களுக்கும் லாபமில்லை, அவர்களுக்கும் லாபமில்லை.

இதைக் கேட்டுப் பாருங்கள். மீன் இறங்குதளத்தில் ஒரு வாளி, விளிம்பு வரை கடல்தண்ணீர். அதில் ஐஸ் கட்டி மிதக்கிறது. ஐஸ் முழுக்கக் கரைந்தபின் என்ன ஆகும்? ஏ: மட்டம் குறையும். பி: அப்படியே இருக்கும். சி: கொஞ்சம் வழியும்.

பள்ளியில் ஒழுங்காகப் படித்த பிள்ளைகள் பி-யை அழுத்துவார்கள். நல்ல தண்ணீராக இருந்தால் அதுதான் விடை. முதல் சுற்றில் யாரும் யாரோடும் பேசக்கூடாது. அவரவர் யோசித்து அழுத்தட்டும். வந்த பட்டைகளை நீங்கள் மட்டும் பாருங்கள், திரையில் காட்டிவிடாதீர்கள். உயரமான பட்டை எது என்று தெரிந்துவிட்டால் வகுப்பே அதன் பின்னால் போய்விடும். அப்புறம், “பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் விடைதான் சரி என்று பேசி ஒப்புக்கொள்ள வையுங்கள்” என்று சொல்லி ஒரு மூன்று நிமிடம் விடுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி வீட்டு விஷயம். “கடல்தண்ணி கனம்டா, ஐஸ் நல்ல தண்ணியில போட்டதுதானே” என்று எங்காவது ஒரு பெஞ்சில் குரல் எழும். அந்தக் குரல் எழுந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. பிறகு இரண்டாம் முறை அழுத்தச் சொல்லுங்கள்.

விளக்கம் கடைசியில்தான். மிதக்கும் ஐஸ் தன் எடைக்குச் சமமான கடல்நீரை ஒதுக்குகிறது. கடல்நீரின் அடர்த்தி நல்ல தண்ணீரைவிட ஏறத்தாழ 2.5 சதவீதம் அதிகம். ஆகவே ஒரு கிலோ ஐஸ் ஒதுக்குவது சுமார் 975 மில்லி. கரைந்தால் வருவதோ 1,000 மில்லி நல்ல தண்ணீர். மிச்சம் 25 மில்லி விளிம்பைத் தாண்டும். விடை சி.

இந்த முறையை ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991-ல் தன் வகுப்பில் தொடங்கினார். முதல் சுற்றில் ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால் பேசவிடுவது பலன் தரும் என்பது அவர் கணக்கு. அதற்கு மேல் போனால் இரண்டு வரி விளக்கி நகருங்கள். அதற்குக் கீழே என்றால் பேசிப் பயனில்லை, பாடத்தை மறுபடி நடத்துங்கள். ஒரு மணி நேர வகுப்புக்கு இப்படி மூன்று கேள்வி தாராளம். பத்துக் கேள்வி தயார் செய்துகொண்டு போனால் வகுப்பு வினாடி வினாப் போட்டி ஆகிவிடும்.

கேள்வி: பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னால், தெரிந்தவன் சொல்வதைத் தெரியாதவன் அப்படியே அழுத்துவான். இது காப்பி அடிப்பதற்கு அரசாங்க அனுமதி இல்லையா?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தொண்டி

பதில்: நியாயமான சந்தேகம் ஐயா. இதே சந்தேகத்தைத் தீர்க்கத்தான் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மரபியல் வகுப்பு ஒன்றில் சோதனை செய்தார்கள். 2009-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. முதல் கேள்விக்குத் தனியாக ஒரு முறை, பேசிய பிறகு ஒரு முறை பதில். உடனே அதே கருத்தை வேறு உருவில் சோதிக்கும் இரண்டாவது கேள்வி, இதற்குப் பேச அனுமதி இல்லை. வெறும் காப்பி என்றால் இரண்டாவதில் பழைய நிலைக்கே விழுந்திருக்க வேண்டும். விழவில்லை, நன்றாகவே ஏறியிருந்தார்கள். இதைவிட எனக்குப் பிடித்த சங்கதி, குழுவில் ஒருவருக்குக்கூட முதலில் விடை தெரியாத இடங்களிலும் பேசிப் பேசியே சரியான விடைக்கு வந்தவர்கள் இருந்தார்கள் என்பது. டீக்கடையில் நாம் அரசியல் பேசினால் ஏன் இப்படி நடப்பதில்லை என்று மட்டும் என்னைக் கேட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவள் என் மகள். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள் என்ற பயம். இந்தக் கருவியில் தப்பாக அழுத்தினால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமா?
– ஒரு தாய், பாம்பன்

பதில்: கூடப் படிப்பவர்களுக்குத் தெரியாது அம்மா. திரையில் மொத்தக் கணக்குதான் வரும். ஆனால் ஒவ்வொரு கிளிக்கருக்கும் ஒரு எண் உண்டு. அதை மாணவர் பெயரோடு பதிந்திருந்தால் ஆசிரியரின் கணினியில் யார் எதை அழுத்தினார் என்பது இருக்கும். பெயர் பதியாமலும் நடத்தலாம். ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்; கேட்கவும் கூச்சப்பட்டால் நீங்களே கேளுங்கள். தனக்கு விழுந்த அதே தப்பு விடையில் இன்னும் இருபது பேர் நிற்பதைக் கடைசியில் திரையில் பார்த்தாலே பாதி பயம் போய்விடும். அறுபது பேர் முன்னால் பேசாத பிள்ளை பக்கத்து பெஞ்சுத் தோழியிடம் பேசாமலா இருப்பாள்? அங்கே தொடங்கட்டும்.

கேள்வி: என் நண்பன் கல்யாண வீட்டுக்குப் போகும் நாட்களில் அவன் கிளிக்கரையும் நானே அழுத்திவிடுகிறேன். தப்பா சார்?
– மூன்றாமாண்டு மாணவர், கீழக்கரை

பதில்: தப்புதான் தம்பி. அதுவும் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள், ஊர் பெயரோடு! இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று: சரியான விடைக்கு மதிப்பெண் என்று வைத்தால் தெரிந்தவன் சொல்ல, மற்றவர்கள் அழுத்துவார்கள், பேச்சு அதோடு செத்துப்போகும். அழுத்தியதற்குச் சின்னதாக ஒரு மதிப்பெண் வையுங்கள், இல்லையென்றால் வைக்கவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் பள்ளியில் கிளிக்கர் வாங்கப் பணமில்லை. பிள்ளைகள் செல்போன் கொண்டுவரவும் கூடாது. வேறு வழி உண்டா?
– ஆசிரியை, சாயல்குடி

பதில்: உண்டு, அதுவும் மட்டமான வழி இல்லை. ‘பிளிக்கர்ஸ்’ என்ற செயலியின் அட்டைகளை அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அட்டையிலும் கறுப்புக் கட்டம் போல ஒரு வடிவம், நான்கு ஓரத்துக்கும் ஏ, பி, சி, டி. தன் விடை உள்ள ஓரம் மேலே வரும்படி பிள்ளை தூக்கிப் பிடிக்க வேண்டும். உங்கள் ஒரே செல்போன் கேமராவை வகுப்பின் குறுக்கே ஒரு ஓட்டு ஓட்டினால் போதும், கணக்கு வந்துவிடும். வடிவம் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் பக்கத்து அட்டையைப் பார்த்துத் திருப்பி வைக்க முடியாது. லேமினேட் மட்டும் செய்யாதீர்கள். சன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளத்தால் கேமரா படிக்காது.

அதுவும் முடியாவிட்டால் ஏ, பி, சி, டி என்று பெரிதாக எழுதிய நான்கு அட்டை. நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னால் உங்களுக்கு மட்டும் தெரியும். கனடாவில் ஒரு கல்லூரியில் இயற்பியல் வகுப்பின் ஒரு பிரிவுக்குக் கிளிக்கரும் இன்னொரு பிரிவுக்கு அட்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் வெளியான அந்த முடிவின்படி கற்றதில் குறிப்பிடும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. விற்பனைப் பிரதிநிதி இதை உங்களிடம் சொல்ல மாட்டார்.

கேள்வி: கிளிக்கர் பெட்டியை விடுமுறைக்குப் பின் திறந்தால் பாதி வேலை செய்யவில்லை. செல் போடும் இடம் பச்சை பிடித்திருக்கிறது.
– ஆய்வக உதவியாளர், ராமேசுவரம்

பதில்: உப்புக்காற்று ஒரு பங்கு, உள்ளேயே கிடந்து கசிந்த செல் இன்னொரு பங்கு. வினிகர் தொட்ட பஞ்சால் அந்த முனைகளைத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் புதுச் செல் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உயிர் வந்துவிடும். அடுத்த விடுமுறைக்கு முன் செல்களைக் கழற்றிவிட்டு, கிளிக்கர்களைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, அந்தப் பொட்டலம்தான்.