1837ஆம் ஆண்டு வெள்ளிக் காசா, நினைவுப் பதக்கமா?

கேள்வி: காலஞ்சென்ற என் அம்மம்மாவின் றங்குப் பெட்டியில், பழைய காணி உறுதிகளுக்கு அடியில் ஒரு வெள்ளிக் குற்றி இருந்தது. ஒரு பக்கம் முக்காடிட்ட முதிய விக்டோரியா மகாராணியார். மறுபக்கம் ஓர் இளம்பெண்ணின் தலையும் 1837 என்ற ஆண்டும். ஆங்கில எழுத்துகள்தாம், ஆனால் வாசித்தால் விளங்கவில்லை. திருநீறு போட்டுத் துலக்கியும் எத்தனை சதம் என்று எங்கும் காணவில்லை. விட்டம் 26 மில்லிமீற்றர். நிறை 13 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 1837ஆம் ஆண்டுக் காசு பல இலட்சம் பெறும் என்கிறார்கள். உண்மையா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்களிடம் இருப்பது நாணயம் அன்று. விக்டோரியாவின் ஆட்சி அறுபது ஆண்டுகளை நிறைவு செய்த வைர விழாவை முன்னிட்டு, 1897இல் இலண்டன் அரச நாணயச் சாலை வெளியிட்ட நினைவுப் பதக்கத்தின் சிறிய வெள்ளி வடிவம் அது. இதே பதக்கம் ஏறத்தாழ இரு மடங்கு விட்டத்தில் பெரிய அளவிலும் வெளிவந்தது.

பெறுமதியைத் தேடிக் காணவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, முதற் சான்று அதுதான். அக்கால இலங்கையின் வெள்ளி ஐம்பது சதத்தில் நாட்டின் பெயரும் பெறுமதியும் பனைக் குலத்து மரமொன்றும் தெளிவாக இருக்கும். தங்கள் குற்றியில் நாடும் இல்லை, பெறுமதியும் இல்லை; ஆனால் ஒரே அரசியின் முகம் மட்டும் இருமுறை இருக்கிறது. அந்த இளம்பெண்ணும் விக்டோரியாவே. 1837 என்பது அவர் அரியணை ஏறிய ஆண்டு, குற்றி அடிக்கப்பட்ட ஆண்டு அன்று. அவ்வாண்டு யூன் 20ஆந் திகதிதான் நான்காம் வில்லியம் மறைந்து விக்டோரியா அரசியானார். ஆகவே அந்த ஆண்டின் பிரித்தானிய நாணயங்களில் வில்லியமே இருக்கிறார். இலங்கையின் புழக்கத்துக்கென அடிக்கப்பட்ட 1837ஆம் ஆண்டு அரைப் பார்திங் (பார்திங் என்பது கால் பென்னி) செப்புக் காசிலும் அவர் தலைதான். விக்டோரியாவின் முகமும் 1837 என்ற ஆண்டும் சேர்ந்திருக்கும் குற்றியை யாராவது நாணயம் என்று விற்க வந்தால், இந்த ஒரு செய்தியே போதும்.

விளங்காத அந்த எழுத்துகள் இலத்தீன் மொழி. முதிய முகத்தைச் சுற்றியுள்ள வாசகம், அரசி தம் ஆட்சியின் அறுபதாம் ஆண்டை மகிழ்வுடன் நிறைவு செய்கிறார் என்று கூறி, 1897 யூன் 20 என்ற நாளை உரோம இலக்கத்தில் தருகிறது. அந்த இலக்கத்தை எழுத்தென்று கருதித் தாண்டிவிடுவதால்தான் பலருக்கும் 1837 மட்டும் கண்ணிற் படுகிறது. மறுபக்கத்தில் விவிலியத்தின் நீதிமொழிகள் நூலிலிருந்து, வலக் கையில் நீண்ட ஆயுளும் இடக் கையில் மகிமையும் என்னும் வரி உண்டு. முதிய முகம் தோமஸ் புரொக் என்னும் சிற்பி வடித்தது. 1893 முதல் பிரித்தானிய நாணயங்களிலும் அவர் வடித்த முக்காடிட்ட முகமே இடம்பெற்றதால், பழைய காசு பார்த்துப் பழகியவரும் சற்றுத் தடுமாறக்கூடும். இளமுகம் 1851இல் மறைந்த வில்லியம் வயன் என்னும் பதக்கச் சிற்பி வடித்தது. உலகின் முதல் அஞ்சல் தலையில் உள்ள முகமும் அவர் செய்த வேறொரு பதக்கத்தைப் பார்த்தே செதுக்கப்பட்டது.

நிறையும் இதையே சொல்கிறது. அன்று இங்கு புழங்கிய இந்திய வெள்ளி ரூபாயின் விட்டம் ஏறத்தாழ 30 மில்லிமீற்றர், நிறை 11.66 கிராம். தங்கள் குற்றி அதைவிடச் சிறியது, ஆயினும் அதைவிடக் கனமானது. அத்தனை தடிப்பாக நாணயம் அடிப்பதில்லை. ஓரமும் வெட்டுக்கோடுகள் இன்றி வழவழப்பாக இருக்கும், தடவிப் பாருங்கள்.

தாங்கள் அனுப்பிய படத்தில் முக்காட்டுக்கு நேர்மேலே, விளிம்பில், பொடிச் சொட்டுப் போல ஒரு மேடு தெரிகிறது. வளையம் பற்றவைத்துப் பின் கழற்றிய தடம் அது. யாரோ சங்கிலியில் கோத்து அணிந்திருக்கிறார்கள். சேகரிப்போர் இதனால் விலையைக் குறைப்பார்கள். ஆனால் குடும்பத்துக்கு இந்தத் தடம் முக்கியமானது என்றே நான் கருதுகிறேன். அதை அராவி மறைக்க வேண்டாம். இப்பதக்கம் பொதுமக்களுக்கு விற்கப்பட்டது, எனவே முன்னோர் எவருக்கும் அரசு அளித்த விருதென்று கொள்ளவும் வேண்டாம்.

பல இலட்சம் என்பது வீண் பேச்சு. இது அரிய பதக்கம் அன்று. வெள்ளியின் விலைக்கு மேல் ஓரளவு கிடைக்கும், அவ்வளவே. அதற்காகச் செட்டியார் தெரு நகைக்கடைகளில் உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். தயவுசெய்து இனித் திருநீறும் புளியும் போட வேண்டாம்: ஒவ்வொரு தேய்ப்பிலும் முக்காட்டின் மடிப்புகள் மழுங்குகின்றன, போனது திரும்பாது. வெள்ளவத்தையில் கடற்காற்று வேறு. உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி மூடிய பெட்டியில் வையுங்கள். அக்கால நாணயங்களோடு ஒப்பிட விரும்பினால், கோட்டையில் மத்திய வங்கியின் அரும்பொருட்காட்சியகத்துக்கு ஒருமுறை சென்று வாருங்கள்.

கேள்வி: இராமர் பட்டாபிஷேகம் பொறித்த, 1818ஆம் ஆண்டுக் கிழக்கிந்தியக் கம்பனி அணாக் காசு எங்கள் பூசையறையில் உள்ளது. அதுவும் பதக்கமா? – வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கம்பனி அப்படியொரு அணாக் காசை அடித்ததே இல்லை. கோயில் வாசல்களிலும் சந்தைகளிலும் விற்பதற்காகப் பிற்காலத்தில் செய்யப்பட்ட வில்லை அது. பூசையில் வைப்பதற்குத் தடையேதும் இல்லை; பழம் நாணயம் என்று பணம் கொடுத்து இன்னொன்று வாங்கிவிடாதீர்கள்.