வர்ஜீனியா அணியின் 2018-19 பருவம்: உங்கள் கட்டுரைக்கான பதில்

வணக்கம். வர்ஜீனியா பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணி 2018-இல் அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்கான தேசியத் தொடரின் முதல் சுற்றிலேயே தோற்றும், ஆட்டமுறையை மாற்றாமல் மறு ஆண்டே தேசியக் கோப்பையை எப்படி வென்றது என்பதைக் கட்டுரையில் விளக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

அந்தத் தோல்விக்கு அணியின் மெதுவான ஆட்டமுறையை மட்டும் காரணமாக்காதீர்கள். தன் பிரிவில் கடைசியான 16-ஆம் தரநிலை பெற்ற யூஎம்பிசி (மேரிலாந்து பல்கலைக்கழகம், பால்டிமோர் கவுண்டி) 74-54 என வென்ற அன்று, மணிக்கட்டு முறிவால் வர்ஜீனியா வீரர் டிஆண்ட்ரே ஹண்டர் களமிறங்கவில்லை. இடைவேளை வரை ஆட்டம் 21-21 எனச் சமநிலையிலேயே இருந்தது. பந்தை நிதானமாக நகர்த்தும் அணிக்குக் கூடை எறியும் வாய்ப்புகள் குறைவு என்பதால், பின்தங்கிவிட்டால் மீள்வது கடினம் என்பதும் உண்மைதான்.

2019 தொடரின் முதல் சுற்றில் கார்ட்னர்-வெப் அணியிடம் இடைவேளையில் 30-36 எனப் பின்தங்கியபோது, முந்தைய ஆண்டுத் தோல்வி நினைவுக்கு வந்திருக்கும்; ஆனாலும் பயிற்சியாளர் டோனி பென்னட்டின் அணி தன் தடுப்பாட்டத்தைக் கைவிடாமல் 71-56 என வென்றது. என் பார்வையில் கட்டுரையின் மையம் அரையிறுதியாக இருக்க வேண்டும்: 0.6 வினாடி எஞ்சியிருக்க, வர்ஜீனியா வீரர் கைல் கை (Kyle Guy) மூன்று தனி எறிகளையும் (ஃப்ரீ த்ரோ) கூடையில் சேர்த்ததால் ஆபர்ன் அணி 63-62 என வீழ்ந்தது. இறுதிப் போட்டியில் டெக்சஸ் டெக்கைக் கூடுதல் நேரத்தில் 85-77 என வென்றபோது, முந்தைய ஆண்டு ஆட முடியாத ஹண்டரே 27 புள்ளிகள் எடுத்தார்.