லடாக் பயணத்துக்கு 23 லிட்டர் பெட்ரோல் டேங்க் தேவையா?

கேள்வி: என்னிடம் இருப்பது ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 411 பைக், பி.எஸ்.6 புகை விதிக்கு ஏற்ற மாடல். ஜூலையில் நண்பர்களுடன் மணாலி வழியாக லே செல்கிறேன். ஞாயிறு காலைப் பயணங்களில் நாங்கள் டீ குடிக்க நிற்கும்போது, பாதிப் பேச்சு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மீதி பெரிய டேங்க். பட்டறை ஒன்றில் 23 லிட்டர் இரும்பு டேங்க் செய்து தருகிறார்கள். மனைவியும் மூன்று வயது மகளும் தினமும் இதே வண்டியில்தான் வருகிறார்கள். மாற்றலாமா? - கோவை வாசகர்

பதில்: வேண்டாம். முதலில் கணக்கைப் பார்ப்போம். கீலாங்குக்கு முன்னால் உள்ள டாண்டியில் 'அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கி.மீ.' என்ற பலகையைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் டேங்க் ஆசை பிறக்கிறது. லேவுக்குச் சற்று முன்பு காரு என்ற ஊரிலேயே பெட்ரோல் கிடைத்துவிடும் என்பதால் உண்மைத் தூரம் அதைவிடக் குறைவு. உங்கள் வண்டியின் டேங்க் 15 லிட்டர். சுமையும் ஏற்றமும் சேர்ந்து லிட்டருக்கு 25 கி.மீ.தான் ஓடினாலும் 375 கி.மீ. வரும். கையிருப்புக்கு ஐந்து லிட்டர் கேன் ஒன்று போதும். சில நாள் பயணத்துக்காக ஆண்டு முழுவதும் ஏன் மாற்று டேங்கோடு ஓட வேண்டும்?

பட்டறைக்காரர் நன்றாக வெல்டிங் செய்பவராகவே இருக்கட்டும். உங்கள் வண்டியில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. புது டேங்கின் அடிப்பகுதி சற்று மாறினாலும், சரிவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்ப் காற்றை உறிஞ்சும். அளவு காட்டும் கருவி பொய் சொல்லும். பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் குப்பிக்குப் போகும் குழாயை என்ன செய்வார் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் வராது. இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். உள்பூச்சு சரியில்லாத இரும்பு துருப்பிடித்து, அந்தத் துரு வடிகட்டியை அடைக்கும். ஃபைபர் டேங்க் என்றால் இன்னும் மோசம், ஃபைபரைப் பிணைக்கும் பிசினையே எத்தனால் இளக்கிவிடும். எடையும் உண்டு: கூடுதல் எட்டு லிட்டர் பெட்ரோலே ஏறக்குறைய ஆறு கிலோ. அதுவும் வண்டியின் உயரமான இடத்தில், டேங்குக்குள் தடுப்புத் தகடு இல்லாவிட்டால் ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னால் பாயும். அந்த நேரத்தில் உங்கள் மகளும் வண்டியில் இருப்பாள்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். அதைவிட எனக்குக் கவலை காப்பீடு பற்றித்தான். தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி, நீங்கள் இல்லாத நாளில் உங்கள் குடும்பம் கேட்கும் இழப்பீட்டை நிறுவனம் இழுத்தடிக்கலாம்.

டேங்குக்கு வைத்திருக்கும் பணத்தில் நல்ல உலோகக் கேனும் தாங்கியும் வாங்குங்கள். கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து நிரப்புங்கள். விளிம்பு வரை ஊற்ற வேண்டாம். வழியில் வரும் தங்லாங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். காற்றழுத்தம் குறைவதால் கேன் உப்பும், மூடியை மெல்லத் திறக்க வேண்டும். சைலன்சர் பக்கம் கட்டவே கூடாது. குடிநீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கும் நண்பர் யாராவது இருந்தால் அவரிடமிருந்து தள்ளியே ஓட்டுங்கள்.

மிச்சத்தை வீட்டுக்குச் செலவிடுங்கள். உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். அது உங்களுக்கு மட்டுமே. பின்னால் அமரும் மனைவிக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். மகளுக்கு நான்கு வயது ஆகும்வரை, ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் அளவான தலைக்கவசமும் கட்டாயம், வேகம் மணிக்கு 40 கி.மீ.க்குள். 2023 பிப்ரவரி முதல் இந்த விதி நடப்பில் இருக்கிறது. பட்டை இதுவரை வாங்கவில்லை என்றால், கேனுக்கு முன்னால் அதை வாங்குங்கள்.