நிலைக்கால் கொடுத்த அழகியார்

வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

ஆறு ஆண்டுகளாகப் பெங்களூரு இந்திராநகரில் குடியிருக்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை டொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலுக்குப் போயிருந்தேன். அங்கே கல்லில் தமிழ் எழுத்துகளைக் கண்டு அசந்து நின்றுவிட்டேன். 'அழகியார்' என்ற ஒரு சொல் மட்டுமே எனக்குப் பிடிபட்டது. மறுநாள் அலுவலகத்தில் படத்தைக் காட்டியபோது, "பார்த்தாயா, இது ஒரு காலத்தில் நம் ஊர்தான்" என்றார் தமிழ் நண்பர். "படையெடுத்து வந்த சோழர்கள் விட்டுச்சென்ற தடயம், அவ்வளவுதான்" என்றார் கன்னட நண்பர். பேச்சு கசப்பில் முடிந்தது. அழகியார் என்பவர் ஓர் அரசரா? இருவரில் யார் சொல்வது சரி?

ச., பெங்களூரு

பதில்

அன்புள்ள ச.,

அழகியார் அரசர் அல்லர். அந்தக் கோயில் வாசலுக்கு இரண்டு நிலைக்கால்களை, அதாவது கதவு நிலையின் பக்கத் தூண்களை, செய்து கொடுத்தவர். கல்வெட்டின் காலம் 1270. உங்கள் நண்பர்கள் இருவருக்குமான பதில் அந்த ஆண்டிலேயே இருக்கிறது.

முதலாம் இராசராசன் காலத்தில், 1004-ஐ ஒட்டி, சோழர் படை காவிரிக்கரையிலிருந்த கங்கர் தலைநகரான தலக்காட்டைக் கைப்பற்றியது. கன்னட நாட்டுப் பகுதிகளான கங்கபாடியும் நுளம்பபாடியும், அவன் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தியில் இடம்பெற்றன. இன்றைய பெங்களூரின் கிழக்குப் பகுதியும் கோலாரும் சோழ நிர்வாகத்துக்குள் வந்தன, கோலார்ப் பக்கம் நிகரிலிச் சோழ மண்டலம் எனப் பெயர் பெற்றது. ஆனால் 1116-இல் போசள (ஹொய்சள) மன்னன் விஷ்ணுவர்த்தனன் தலக்காட்டைச் சோழரிடமிருந்து மீட்டுத் 'தலக்காடு கொண்ட' என்ற விருதையும் சூட்டிக்கொண்டான். அழகியார் நிலைக்கால் கொடுத்தது அதற்கு 150 ஆண்டுகளுக்கும் பின்னால், போசளர் ஆட்சியில். படையெடுத்து வந்தவர்கள் போய் ஐந்தாறு தலைமுறைகள் கழிந்த பின்னும் ஊரார் தம் கொடையைத் தமிழில் எழுதிவைத்தார்கள் என்றால், அதைப் படையெடுப்பின் தடயம் என்று தள்ளிவிட முடியாது.

இனி உங்கள் தமிழ் நண்பருக்கு. அதே கோயிலில் 1290-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, ஊரின் வருவாயிலிருந்து கோயிலுக்கு 10 பொன் அளித்ததைச் சொல்கிறது. அளித்தவன் போசள வீர இராமநாதன். கன்னட நாட்டில் எழுந்த ஓர் அரச மரபின் மன்னன் அவன். 1254-ஐ ஒட்டிப் போசள நாடு இரண்டாகப் பிரிந்தபோது தமிழ்ப் பகுதிகளும் கோலார்ப் பகுதியும் அவன் பங்குக்கு வந்தன. திருச்சிக்கு அருகே, இன்றைய சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரிலிருந்து ஆண்டு, பாண்டியரிடம் அதை இழந்தபின் இன்றைய கிருஷ்ணகிரிப் பக்கமுள்ள குந்தாணிக்கு வந்து சேர்ந்தான். கன்னட மரபில் வந்த அரசன் தமிழ்க் கல்வெட்டு வைத்தான். பின்னர் விஜயநகரத்து இரண்டாம் தேவராயன் காலத்தில் அதே கோயிலுக்கு வீடு, கிணறு, நிலம் எல்லாம் கொடையாக எழுதப்பட்டன. இவ்வளவையும் ஒரே கோயில் தாங்கி நிற்கும்போது, ஒரு கல்லின் எழுத்தை மட்டும் பிய்த்தெடுத்து ஊருக்குப் பட்டா போடுவது, வரலாற்றுக்கும் அக்கல்லை வைத்தவர்களுக்கும் நாம் செய்யும் அநீதி என்றே நான் நினைக்கிறேன்.

சொக்கநாதர் என்றதும் மதுரையை நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் டொம்லூர்க் கோயில் பெருமாள் கோயில். கல்வெட்டுகளில் அவர் சொக்கப்பெருமாள், ஊர் தொம்பலூர், அதற்கு மறுபெயர் தேசிமாணிக்கப்பட்டணம். ஊர் ஊராகச் சென்று வாணிகம் செய்தவர்களை நானாதேசிகள் என்று அழைத்த காலம் அது. 'தேசி'யும் 'பட்டண'மும் சேர்ந்து ஓர் ஊருக்குப் பெயராகியிருப்பதைப் பார்த்தால், வணிகர்கள் வந்து தங்கிச் சந்தை கூட்டிய ஊராகவே எனக்குத் தோன்றுகிறது. இன்று நீங்களும் உங்கள் அலுவலக நண்பர்களும் பிழைப்புக்கு வந்து சேர்ந்திருப்பதும் அதே ஊரில்தான்.

உங்கள் கடிதத்தில் இந்திராநகர் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்த கல்வெட்டு வேறு. ஒருவர் தம் மனைவியோடு சேர்ந்து, ஜலப்பள்ளி என்ற ஊர் நிலத்தையும் விண்ணமங்கலத்து ஏரி நிலத்தையும் சொக்கப்பெருமாளுக்குக் கொடுத்ததை அது சொல்கிறது. அந்த விண்ணமங்கலம்தான் உங்கள் வீட்டுப் பக்கத்துப் பின்னமங்கலா. தமிழில் வகரத்தில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் பகரத்தில் தொடங்கும். நம் வேர் அங்கே பேரு, நம் வில் அங்கே பில்லு, நம் வெண்ணெய் அங்கே பெண்ணெ. தினமும் ஆட்டோக்காரரிடம் நீங்கள் சொல்லும் பெயர், 700 ஆண்டுகளுக்கு முன்பு நிலம் எழுதிவைத்த ஒரு கணவன் மனைவியின் கல்லில் இருக்கிறது.

பெங்களூரு என்ற பெயரும் இப்படித்தான். நகரின் மடிவாளா பகுதியில், சோமேசுவரர் கோயிலின் வெளிச்சுவரில் உள்ள 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, வேப்பூரைச் சேர்ந்த ஒருவர் வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே நிலம் கொடுத்ததைப் பதிவு செய்கிறது. வேப்பூர் இன்றைய பேகூர். அந்தப் பேகூரிலேயே, நாகேசுவரர் கோயிலில், இதற்கும் 350 ஆண்டுகள் மூத்த கன்னட வீரக்கல் (போரில் இறந்தவருக்கான நடுகல்) ஒன்று உண்டு. 890-ஐ ஒட்டிய கங்கர் காலத்து அந்தக் கல், பெங்களூருப் போரில் நாகத்தரனின் மகன் இறந்துபட்டதைச் சொல்கிறது. போசள மன்னன் வீரவல்லாளன் வழிதவறி வந்து ஒரு கிழவியிடம் வெந்த பயறு வாங்கித் தின்றதால் ஊர் 'பெந்தகாளூரு' ஆயிற்று என்ற கதையைக் கேட்டிருப்பீர்கள். கதையின் நாயகனான இரண்டாம் வல்லாளன் அரியணை ஏறியது 1173-இல். அதற்கு ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன்பே ஊருக்குப் பெயர் இருந்திருக்கிறது. பெயரை முதலில் நமக்குக் காட்டுவது கன்னடக் கல், அந்த ஊரின் ஏரியைக் காட்டுவது தமிழ்க் கல். இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் ஊர் முழுதாகக் கண்ணுக்குத் தெரிகிறது.

ஏரி என்று சொன்னேன் அல்லவா, இந்தக் கல்வெட்டுகளில் என்னை மிகவும் ஈர்ப்பது அதுதான். வற்றாத பேராறு எதுவும் ஓடாத மேட்டு நிலம் இது. மழைநீரைத் தேக்கினால்தான் நெல், நெல் இருந்தால்தான் ஊர். பெங்களூரின் அகரா பகுதியில் உள்ள 9-ஆம் நூற்றாண்டுக் கன்னடக் கல்வெட்டு, ஒருவர் இரண்டு ஏரிகளுக்கு மதகு அமைத்து மூன்றாவதாக ஓர் ஏரியையும் வெட்டியதைப் பாராட்டுகிறது. நகரின் கிழக்கே காடுகோடியில் கிடைத்த 1043-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, முதலாம் இராசேந்திரன் காலத்தில் பட்டந்தூர் ஏரியை வெட்டி, மதகு வைத்து, கணபதியையும் துர்க்கையையும் க்ஷேத்திரபாலரையும் எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. செய்தவர் பெர்மாடி காவுண்டரின் மகன் இராசராச வேளான். தந்தைக்குக் கன்னட நாட்டுப் பெயர், மகனுக்குச் சோழ அரசனின் பெயரோடு கூடிய வேளான் பட்டம்! இந்த வேளானை எந்த மொழிக்காரர் என்று கேட்பீர்கள்? அவர் வெட்டிய ஏரியில் இரு மொழிக்காரரின் மாடுகளும் தண்ணீர் குடித்திருக்கும்.

நீங்கள் ஒரு சொல்லைத் தவிர வேறு எதையும் வாசிக்க முடியாமல் போனதற்கு வருந்த வேண்டாம். பழங்கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு, துணைக்காலும் ரகரமும் பார்வைக்கு ஒன்றே, நடுநடுவே கிரந்த எழுத்துகளும் கலந்து வரும். எண்ணெயும் சுண்ணாம்பும் ஏறிய கல்லென்றால் பழகிய கண்ணே தடுமாறும். கல்லுக்கு நேராக வெளிச்சம் பாய்ச்சாதீர்கள். கைப்பேசி விளக்கைக் கல்லின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். வெட்டின் ஒரு கரை ஒளிரும், மறு கரையில் நிழல் விழும், அதுவரை வெறும் கீறலாகத் தெரிந்தது எழுத்தாக எழுந்து வரும். மாவும் சாக்கட்டியும் தேய்த்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு; தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

இவ்வளவும் இன்று நமக்கு வாசிக்கக் கிடைப்பதற்கு, பெங்களூரிலேயே 1837-இல் பிறந்த பி. லூயிஸ் ரைஸுக்கு நன்றி சொல்ல வேண்டும். மைசூர் அரசின் தொல்லியல் துறைக்குத் தலைமை ஏற்று, ஊர் ஊராகக் கல்வெட்டுகளைப் படியெடுத்து, 'எபிகிராஃபியா கர்னாடிகா' என்ற கல்வெட்டுத் தொகுதிகளாக வெளியிட்டார். பெங்களூரு மாவட்டத்துக்கான ஒன்பதாம் தொகுதி 1905-இல் வந்தது. அந்தத் தொகுதியைக் கையில் வைத்துக்கொண்டு, சில ஆண்டுகளுக்கு முன் நகரின் தென்கிழக்கே ஓர் ஊரில் ஒரு கல்லைத் தேடிப் போனேன். ஏரிக்கரை என்று குறிக்கப்பட்டிருந்த இடத்தில் அடுக்குமாடிக் கட்டடம் நின்றது. பக்கத்துத் தெருவில் ஒரு முதியவர் என்னை அழைத்துப்போய், ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லைக் காட்டினார். சோப்பு நுரைக்கு அடியில் மூன்று வரிகள் இருந்தன. நான்காவது வரி தொடங்கும் இடத்தில் கல் உடைக்கப்பட்டிருந்தது. அன்று மாலை வீடு திரும்பும்வரை என்னால் யாரோடும் பேச முடியவில்லை.

இப்போது நகரில் இக்கற்களைத் தேடி மீட்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். 1909-இல் தொடங்கப்பட்ட மிதிக் சொசைட்டி என்ற ஆய்வுச் சங்கம், பெங்களூருப் பகுதிக் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் ஸ்கேன் செய்து பாதுகாத்து வருகிறது. இம்முயற்சிகளில் ஈடுபட்டிருப்பவர்களில் பெரும்பாலோர் கன்னடர்கள், தமிழ்க் கற்களையும் அதே அக்கறையோடு அவர்கள் பதிவு செய்கிறார்கள். உங்கள் தமிழ் நண்பருக்கு இதை அவசியம் சொல்லுங்கள்.

இருவரையும் அழைத்துக்கொண்டு இன்னொரு முறை டொம்லூருக்கும், முடிந்தால் அதே நாளில் பேகூருக்கும் போய் வாருங்கள். பேகூரில் கன்னட நண்பர் வாசிக்கட்டும், டொம்லூரில் நீங்கள் வாசியுங்கள். பிடிபடாத வரி இருந்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தை அனுப்புங்கள், சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
அல்சூர், பெங்களூரு