துப்பறியும் தொடர் எழுத ஆசைப்படும் பிள்ளைக்கு

அம்மா,

சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு மகள் "துப்பறியும் தொடர் எழுதப் போறன்" என்று நிற்கிறாள், இரவிரவாகத் தொடர் பார்க்கிறாள் என்று கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். மறிக்க வேண்டாம். பார்க்கிற விதத்தை மாற்றினால் அதுவே படிப்பு. இந்த வேலை அவளுக்குச் சரிவருமா என்பதை, பாத்திரங்களின் முன்கதையை, அதாவது கதை தொடங்குமுன் அவர்களுக்கு நடந்ததை, அவள் கையாளும் விதத்திலேயே கண்டுகொள்ளலாம்.

குடிகாரப் பொலிஸ் அதிகாரி, இறந்துபோன மனைவி, அடிவாங்கி வளர்ந்த கொலையாளி: புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இவற்றில்தான் தொடங்குவார்கள். முதல் பகுதியிலேயே எல்லாவற்றையும் வசனமாகக் கொட்டியும் விடுவார்கள். அந்தத் துயரம் இன்றைய விசாரணையில் ஒரு முடிவையாவது மாற்றாவிட்டால் அது வெறும் அலங்காரம். தம்பியை இழந்த அதிகாரி, அதே வயதுச் சந்தேகநபரிடம் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்காமல் விடுகிறார். அதனால் வழக்கு பிழையாகப் போகிறது. அப்போதுதான் முன்கதை வேலை செய்கிறது.

எவ்வளவு வேண்டும் என்பது தொடரின் அமைப்பைப் பொறுத்தது. 1990 இல் தொடங்கிய அமெரிக்கத் தொடரான 'லோ அன்ட் ஓர்டர்', பகுதிக்கு ஒரு வழக்கு என்று ஓடியது. அதிகாரிகளின் வீட்டுக்குள் அது அதிகம் போகவில்லை. நடிகர்கள் மாறிக்கொண்டே இருந்தும் அது தாக்குப்பிடித்ததற்கு அது ஒரு காரணம். 'கொலம்போ' தொடரின் துப்பறிவாளர் ஓயாமல் மனைவியைப் பற்றிப் பேசுவார், மனைவி திரைக்கே வரமாட்டார். 2022 இல் வந்த தமிழ்த் தொடரான 'சுழல்', முதற் பருவத்தின் 8 பகுதிகளிலும் ஒரே மர்மத்தைத் தொடர்வதால், குடும்பங்களின் பழைய விடயங்களே அங்கே துப்பாகின்றன.

மகளுக்கு ஒரு பயிற்சி. ஒரே பகுதியை இரண்டு தரம் பார்க்கட்டும். இரண்டாம் தரம் கொப்பியில் மூன்று நிரல் கீறி, முன்கதை எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது, வசனமாகவா பொருளாகவா பழைய காட்சியாகவா வருகிறது, அதன்பின் யார் என்ன முடிவு எடுக்கிறார் என்று எழுதட்டும். மூன்றாம் நிரல் வெறுமையாக இருந்தால் அந்த இடத்தை வெட்டிவிடலாம்.

பிறகு சொந்தப் பாத்திரத்துக்கு ஒரு காலக்கோடு: ஆண்டு, வயது, நடந்தது, அது யாருக்குத் தெரியும், எந்தப் பகுதியில் வெளிவரும். வன்னிக் கதைக்கு இது மிக முக்கியம். 1989 இல் கிளிநொச்சியில் பிறந்தவளுக்கு 1996 இடப்பெயர்வில் 6 அல்லது 7 வயது, 2002 இல் ஏ9 வீதி திறந்தபோது 12 அல்லது 13, போர் முடிந்த 2009 மே மாதத்தில் 19 அல்லது 20. அந்த ஆண்டுகளில் எங்கே இருந்தாள் என்பதை எழுதாமல் தாண்டினால், எங்கள் சனம் அந்த இடைவெளியை உடனே பிடித்துவிடும். சட்டத்திலும் அப்படித்தான். பிடியாணை இல்லாமல் கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும். மூன்று நாள் பொலிஸ் நிலைய அறையில் வைத்து முன்கதை பேசவைக்கும் காட்சி, சாதாரண வழக்கில் நிற்காது.

இன்னொன்றை நீங்களே அவளிடம் சொல்லவேண்டும். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் போராட்டம் தொடங்கி காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளை இன்னமும் தேடும் தாய்மாரின் கதைகள், ஒரு கொலைத் தொடருக்கான தயார்ப் பொருள் அல்ல. ஊர், தொழில், உறவு மூன்றையும் மாற்றிய பிறகும் ஆளை அடையாளம் காணமுடிந்தால், அவரிடம் கேட்கவேண்டும். மறுத்தால் விட்டுவிட வேண்டும்.

படிப்புக்கு வருவோம். உயர்தரக் கலைப்பிரிவில் நாடகமும் அரங்கியலும், தொடர்பாடலும் ஊடகக் கற்கைகளும், அளவையியலும் விஞ்ஞானமுறையும் நல்ல சேர்க்கை. மூன்றுக்கும் பாடசாலையில் ஆசிரியர் இருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒன்றைத் தமிழாக மாற்றலாம். பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் இருக்கிறது, மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகம் இருக்கிறது. இலங்கையில் தமிழ்த் தொடர் எழுதி மட்டும் மாதச் சம்பளம் எடுப்பது கடினம். ஆசிரியத் தொழில், செய்தி, ஆவணப்படம் என்று இன்னொரு கால் ஊன்ற இடம் வேண்டும். இந்தப் பாடங்கள் அதற்கும் வழிவிடும்.

நாடகத்துக்கு விண்ணப்பிப்பதானால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசற் (Z) புள்ளி மட்டும் காணாது. துறைக்கான திறனைப் பார்க்கும் உளச்சார்புப் பரீட்சையும் உண்டு, அதன் அறிவித்தலைத் தவறவிடாமல் கவனியுங்கள்.